தெங்குமரஹாடா மணலில் கிடந்த முதுகெலும்புகள்: ஒரே முதலையா, இரண்டா?

கோடநாட்டுப்பனி:

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம், தேயிலை ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தட்டில் வருவது மட்டும்தான், அதனால் கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் ஊர் தெங்குமரஹாடா. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே பள்ளத்தாக்கில் பச்சையாகத் தெரியுமே, அதுதான். மாயாற்றைப் பரிசலில் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும், ஆற்றில் முதலை உண்டு என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். போன வாரம் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. மச்சானோடு கரையோரம் நடந்தபோது பாறை இடுக்கை ஒட்டிய மணலில் ஒரு எலும்புக்கூடு. சதை துளிகூட இல்லை, எறும்பும் வெயிலும் சுத்தம் செய்துவிட்டன. பல்லோடு மண்டை ஓடு இருந்ததால் முதலை என்பதில் சந்தேகமில்லை. எதையும் எடுக்கவில்லை, கையாலும் தொடவில்லை. அளவு தெரியட்டும் என்று என் செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்துப் படம் எடுத்ததோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வால் பக்கம் கிடந்த எலும்புகள் ஒவ்வொன்றும் முழுசாக, மேலே முள்ளோடு ஒரே துண்டாக இருந்தன. நடு முதுகில் இருந்தவையும் ஒரே துண்டுதான், ஆனால் பக்கவாட்டில் ரம்பப்பல் போல நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடியது. கழுத்துப் பக்கம் வந்தால் கதை வேறு. ஒவ்வொரு எலும்பும் இரண்டாகக் கிடந்தது: அடியில் நூல்கண்டுக் கட்டை மாதிரி ஒரு துண்டு, அதன் மேல் உட்கார வேண்டிய கூரை மாதிரி இன்னொரு துண்டு. உடைந்த மாதிரி இல்லை. மச்சான் குச்சியால் ஒன்றைப் புரட்டிக் காட்டினார், சேரும் இடம் வரிவரியாக, சுத்தமாக இருந்தது.

மச்சானின் தீர்ப்பு: இங்கே இரண்டு முதலை செத்திருக்கிறது, பெரியதன் வாலும் சின்னதன் கழுத்தும் வெள்ளத்தில் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. படத்தைப் பார்த்த என் மகள் (ஒன்பதாம் வகுப்பு, டைனோசர் பைத்தியம்) ஒத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு குட்டி டி.ரெக்ஸ் உண்மையில் குட்டி இல்லை, முதுகெலும்பு ஒட்டியிருந்ததை வைத்து அது வளர்ந்த விலங்கு என்று கண்டுபிடித்தார்களாம், இதுவும் அந்த மாதிரிதான் என்கிறாள். எந்த மாதிரி என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. யாராவது விளக்குவீர்களா?

மேட்டுப்பாளையம் மணி:

மச்சான் சொல்வதுதான் சரி. ஒரே உடம்பில் வால் ஒட்டியும் கழுத்து ஒட்டாமலும் எப்படி இருக்கும்? அப்புறம், முதுகெலும்பு ஒட்டுவது என்பது வயதானால் வரும் வியாதி. என் மாமியாருக்குக் கழுத்தில் இரண்டு எலும்பு ஒட்டிப்போய் இப்போது திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டியிருக்கிறது. டைனோசருக்கும் அதே கதைதான் இருக்கும்.

கூடலூர் மாட்டுவைத்தியர்:

மணி, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மாமியாருக்கு ஒட்டியது ஒரு கணுவும் அடுத்த கணுவும். இங்கே கேள்வி ஒரே கணுவின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டுவது பற்றி. இரண்டையும் குழப்பினால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நான் கால்நடைப் பக்கம், முதலை என் துறை இல்லை. தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டிருப்பீர்கள். இளங்குட்டியின் காலாக இருந்தால், நன்றாக வெந்ததும் எலும்பின் நுனி தொப்பி போலக் கழன்று தனியாக வந்துவிடும், கழன்ற இடம் மேடு பள்ளமாக இருக்கும். கிடாவின் காலாக இருந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் கழலாது. காரணம், பாலூட்டிகளில் எலும்புத் தண்டுக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது, நீளம் கூடுவது அங்கேதான். வளர்த்தி முடிந்ததும் அந்தத் தட்டும் எலும்பாகி, இரண்டும் ஒன்றாகிவிடும். கறிக்கடைக்காரர் எலும்பைப் பார்த்தே இளசா முற்றலா என்று சொல்வாரே, பாதி ரகசியம் இதுதான்.

முதுகெலும்பிலும் இதே ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கணுவின் முன்னும் பின்னும் மெல்லிய சில்லு ஒன்று ஒட்டியிருக்கும். மாடுகளில் இந்தச் சில்லுகள் கடைசியாக ஒட்டுகிறவை, 7 முதல் 9 வயது வரை ஆகும். தேயிலைத் தோட்டத்தில் செத்துக் கிடந்து காய்ந்த காட்டெருமை எலும்பைப் பார்த்தால், சில சமயம் முதுகெலும்போடு வட்ட வட்டமாகச் சில்லுகள் சிதறிக் கிடக்கும். யாரோ உடைத்துப் போட்டார்கள் என்று நினைப்போம். அந்த மாடு முழுதாக வளர்ந்து முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் முதலைக்கு இந்தச் சில்லும் கிடையாது, கால் எலும்பு நுனியில் தொப்பியும் கிடையாது. ஆமைக்கும் கிடையாது. பல்லி இனத்துக்கு உண்டு. அதனால் என் மாட்டுக் கணக்கை அப்படியே முதலைக்குப் போட முடியாது, தெரிந்தவர்கள் வரட்டும். அதற்குள் இரண்டு கேள்வி. கணுக்களின் ஒரு முகம் கிண்ணம் மாதிரி குழிந்தும், மறுமுகம் பந்து மாதிரி புடைத்தும் இருந்ததா? மண்டை ஓட்டின் நீளம் எவ்வளவு?

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எலும்பை வீட்டுக்குக் கொண்டுவராதது நல்ல காரியம். 1972 வனவிலங்குச் சட்டப்படி, காட்டு விலங்கு தானாகச் செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. முதலையோ அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியல். வாட்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கோடநாட்டுப்பனி:

வாட்சரிடம் அன்றைக்கே மச்சான் சொல்லிவிட்டார் சார், அவரும் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே, வால் எலும்புகளில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் குண்டு. கழுத்துத் துண்டுகளில் கீழ்க்கட்டைக்கும் அப்படியேதான். மண்டை ஓடு, மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை, கிட்டத்தட்ட என் செருப்பு நீளம். 8ஆம் நம்பர் செருப்பு, ஸ்கேல் வைத்து அளந்தால் 27 சென்டிமீட்டர். இரண்டு மண்டை ஓடு இல்லை, ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சோலைக்குருவி:

நான் ஊட்டிக்காரி, இப்போது வெளியூரில் தொல்லுயிரியல் ஆராய்ச்சி மாணவி. இந்தத் திரியைப் பார்த்ததும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் அண்ணா எடுத்திருக்கும் படம் நாங்கள் வகுப்பில் பலகையில் வரைந்து படித்த பாடம்.

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. ஒரே முதலை. அதுவும் இன்னும் வளர்ந்து முடிக்காத முதலை.

கூரை, நூல்கண்டுக் கட்டை என்றீர்களே, அதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது, ஆனாலும் புத்தகத்தில் கட்டைக்குச் சென்ட்ரம், கூரைக்கு நரம்பு வளைவு என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் உள்ள பொந்தில்தான் தண்டுவடம் ஓடுகிறது. இரண்டும் கருவிலேயே தனித்தனியாக எலும்பாகத் தொடங்குகின்றன, இடையில் ஒரு குருத்தெலும்புப் படலம். அந்தப் படலம் இருக்கும் வரை அந்த இடத்தில் எலும்பு பெருக்க முடியும், தண்டுவடத்துக்கும் இடம் கூடிக்கொண்டே போகும். பிறகு படலம் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகி, கூரையும் கட்டையும் ஒன்றாகின்றன. முதலில் முழுத் திறப்பு, அடுத்து நெளிகோடு, கடைசியில் கோடே தெரியாது. விலங்கு செத்துக் குருத்தெலும்பு அழுகிவிட்டால், ஒட்டாத கூரைகள் கழன்று விழும். உங்கள் மணலில் மூன்று நிலையும் ஒரே வரிசையில் கிடக்கின்றன.

மணி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி: ஒரே உடம்பில் அது எப்படி? கிறிஸ்டோபர் புரோச்சு என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் முதலைக் குடும்பத்தில் உட்கார்ந்து பார்த்து 1996-இல் எழுதினார். முதலைகளில் ஒட்டுதல் வாலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கிப் போகிறது. வாலின் பின்பகுதி முட்டையிலிருந்து வெளியே வரும்போதே ஒட்டியிருக்கும். அங்கிருந்து வருடக்கணக்கில் முன்னேறி இடுப்பு, முதுகு என்று வந்து, கழுத்துதான் கடைசி. முதலைக்குக் கழுத்தில் 9 கணு, முதுகில் 15, இடுப்பில் 2, வாலில் முப்பதுக்கும் மேல். ஆக ஒரு முதலையின் வால் கணு ஒன்றை மட்டும் கையில் கொடுத்து வயது கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, குட்டிக்கும் கிழத்துக்கும் அது ஒட்டித்தான் இருக்கும். கழுத்தைக் கொடுத்தால் விஷயம் இருக்கிறது.

மண்டை ஓடு 27 சென்டிமீட்டர் என்றால், முதலைகளில் தலையைப் போல சுமார் 7 மடங்கு மொத்த நீளம் என்ற கைக்கணக்குப்படி 1.9 மீட்டர் வருகிறது, ஆறடிக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் சதுப்பு முதலையில் பெண் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் முட்டையிடத் தொடங்கும். அதாவது இது தாயாகும் வயதை எட்டியிருக்கலாம், ஆனால் எலும்பு முற்றவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல, ஊர்வனவற்றில் இனப்பெருக்க வயது முன்னாலேயே வந்துவிடும், எலும்பு பின்னால் ஆடி அசைந்து வரும். ‘வளர்ந்த விலங்கு’ என்று யாராவது சொன்னால், எந்த வளர்ச்சி என்று ஒருதடவை கேட்டுவிடுவது நல்லது.

டைனோசருக்கு இது எப்படிப் போகிறது என்றால், முதலையும் பறவையும் டைனோசரின் உறவுக்காரர்கள், அதனால் புரோச்சுவின் கண்டுபிடிப்பு வந்ததும் பலரும் அதை ஒரு அளவுகோல் போல எடுத்துக்கொண்டார்கள். கழுத்துக் கணுவில் கோடு திறந்திருந்தால் குட்டி, மூடியிருந்தால் பெரியது, முடிந்தது கதை. இங்கேதான் சறுக்கல். 2007-இல் ராண்டால் இர்மிஸ் என்பவர் ஃபைட்டோசர் என்ற பழங்கால விலங்குகளைப் பார்த்தார், பார்வைக்கு முதலை மாதிரியே இருக்கும், முதலை இல்லை. அவற்றில் வாலிலிருந்து கழுத்துக்கு என்ற வரிசை பொருந்தியது. ஆனால் டைனோசர்களுக்கு வந்தபோது எல்லாவற்றிலும் அந்த வரிசை பொருந்தவில்லை. சிலவற்றில் முன்னும் பின்னுமாக, சிலவற்றில் நடுவிலிருந்து. ஆக, உறவுக்காரன் வீட்டு வழக்கத்தை வைத்து இந்த வீட்டுக்கு நாள் குறிக்க முடியாது.

இன்னும் மோசமான உதாரணம் கடலில் இருந்த இக்தியோசர்கள். மீன் வடிவ ஊர்வன. அவற்றின் கணுக்கள் காரம் போர்டு காய் மாதிரி வட்டச் சில்லுகள், கூரை கடைசி வரைக்கும் ஒட்டவே ஒட்டாது. முதலைக் கணக்கை அங்கே போட்டால் நூறு நூறாகக் கிடைத்த இக்தியோசர்கள் எல்லாமே குட்டி என்று ஆகிவிடும். எதிர்ப்பக்கம் பல்லிகள்: பலவற்றில் முட்டைக்குள் இருக்கும்போதோ பொரித்த கொஞ்ச நாளிலோ இந்தக் கோடு மூடிவிடும். உங்கள் ஊர் உடும்பில் இதைப் பார்த்து வயது சொல்ல முடியாது, உடும்புக்கு மாட்டுவைத்தியர் சார் சொன்ன கால் எலும்புத் தொப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் மணி:

சரிம்மா, மாமியார் வாபஸ். ஆனால் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்கு சொன்னால், அந்தக் குட்டி டி.ரெக்ஸ் விஷயத்தை மட்டும் எப்படி நம்புவது? அதுவும் ஒருவரின் ஊகம்தானே?

சோலைக்குருவி:

அண்ணா, இந்தக் கேள்விக்காகவே ஒரு பெரிய சண்டை நடந்தது.

1942-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு சின்ன மண்டை ஓடு கிடைத்தது. 1988-இல் அதற்கு நானோடைரனஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள், டி.ரெக்ஸ் காலத்திலேயே பக்கத்தில் வாழ்ந்த சின்ன வேட்டைக்காரன் என்று. உடனே இன்னொரு கூட்டம், இது டி.ரெக்ஸின் பிள்ளைதான், தனி இனமெல்லாம் இல்லை என்றது. முப்பது வருடத்துக்கும் மேல் இழுத்தது. இதே சர்ச்சையில் அடிபட்ட, ஜேன் என்று பெயரிட்ட இன்னொரு எலும்புக்கூட்டின் கால் எலும்பை வெட்டிப் பார்த்து, இது வளர்ந்துகொண்டிருந்த விலங்கு என்று 2020-இல் சொன்னபோது, பிள்ளைக் கட்சி ஜெயித்த மாதிரியே இருந்தது. நானும் அந்தக் கட்சிதான், மறைக்கவில்லை.

பிறகு 2025 அக்டோபரில் லிண்ட்சே ஜானோவும் ஜேம்ஸ் நாப்போலியும் வேறொரு எலும்புக்கூட்டை வைத்து எழுதினார்கள். டிரைசெராடாப்ஸோடு ஒன்றாகப் புதைந்து கிடைத்த ஜோடியில் ஒன்று, இப்போது வட கரோலினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவத்தில் டி.ரெக்ஸின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் முதுகெலும்பில் கூரைகள் ஒட்டியிருக்கின்றன. அது மட்டும் இருந்திருந்தால் உங்களைப் போல நானும் ஊகம் என்றுதான் சொல்லியிருப்பேன். கால் எலும்பையும் வெட்டிப் பார்த்தார்கள், அதிலும் அதே பதில்: சுமார் 20 வயது, வளர்த்தி முடிந்துவிட்டது. கை டி.ரெக்ஸின் கையைவிடப் பெரியது. பிள்ளை வளர வளர கை சுருங்காது அல்லவா? மூன்று பக்கத்திலிருந்து ஒரே பதில் வந்ததால்தான் அது பலமாக நிற்கிறது. நான் கட்சி மாறிவிட்டேன்.

எலும்பை வெட்டிப் பார்ப்பது என்றால் மர வளையம் மாதிரிதான். கூடலூர்ப் பக்கம் மர அறுவை ஆலையில் தேக்குக் கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அகலமான வளையங்கள், கிழட்டு மரமாக இருந்தால் வெளியோரத்தில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஊர்வனவற்றின் கால் எலும்பிலும் வருடத்துக்கு ஒருமுறை வளர்ச்சி நின்று கிளம்பும்போது ஒரு கோடு விழுகிறது. விலங்கு வளர்ந்து முடித்துவிட்டால் வெளியோரத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிவிடும். 1990-இல் கிடைத்த சூ என்ற டி.ரெக்ஸுக்குச் சுமார் 28 வயது என்று சொன்னது இந்தக் கோடுகளை எண்ணித்தான். இதிலும் ஒரு சிக்கல், வயதாக ஆக உள்ளே பழைய கோடுகளை எலும்பே அரித்துப் புதுப்பித்துவிடும், எனவே தொலைந்த கோடுகளைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

இந்த வளர்ச்சிக் கோடு, கூரையும் கட்டையும் சேரும் ஒட்டு, இரண்டில் எது முக்கியம் என்று என் பேராசிரியரிடம் கேட்டால் ‘ஒட்டு வரிசை சொல்லும், கோடு வருடம் சொல்லும்’ என்பார். அதாவது முதுகெலும்பை மட்டும் வைத்து இது 12 வயது, அது 15 வயது என்று சொல்ல முடியாது. ஒரே இனத்தில் இது அதைவிட முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது என்று வரிசைப்படுத்தலாம், அதற்கு அருமையான கருவி. வெட்டாமல், எலும்பைச் சேதம் செய்யாமல் பார்க்க முடிவதும் ஒரு சௌகரியம், எந்த அருங்காட்சியகமும் தன் டைனோசர் தொடையை அறுக்க உடனே சம்மதிக்காது.

வெளியே கூரைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள கோடு மறைந்துவிட்டதாலேயே உள்ளே முழுக்க ஒட்டிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நன்றாக வளர்ந்த அமெரிக்க அலிகேட்டர்களின் கழுத்துக் கணுவை அறுத்துப் பார்த்தால் உள்ளே குருத்தெலும்பு மிச்சம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

உடம்பின் வேறு ஒட்டுகளும் உண்டு. அர்ஜென்டினாவில் கிடைத்து 2014-இல் பெயர் வைத்த டிரெட்நாட்டஸ் என்ற ராட்சத டைனோசர், தரையில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று. அதன் தோள்பட்டையில் இரண்டு எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை, கை எலும்பின் உள்ளே வேகமாக வளரும் திசு இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சாகும்போது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது! உருவத்தைப் பார்த்து வயது சொல்லக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா.

பாறைத்தாத்தா:

நல்ல திரி. ஒரு சின்ன இடைச்செருகல். இதைப் படிக்கும் பிள்ளைகள் நாளைக்கே சுத்தியலோடு தொட்டபெட்டா ஏறிவிட வேண்டாம் என்பதற்காக. நீலகிரிப் பாறை சார்னோகைட், பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை, சுமார் 250 கோடி வருடப் பழசு. டைனோசர் வருவதற்கு இருநூறு கோடி வருடத்துக்கும் முன்னால். அதில் முதுகெலும்பு தேடுவது உப்பளத்தில் நெல் தேடுவது மாதிரி. பழனி மலையிலும் இதே வகைப் பாறைதான்.

தமிழ்நாட்டில் தேட வேண்டிய இடம் அரியலூர்ப் பக்கம். கல்லமேட்டில் எண்பதுகளில் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு ராட்சத விலங்கின் எலும்புகளைக் கண்டு புருகத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் பிறகு உதிர்ந்தே போய்விட்டன, படமும் எழுத்தும்தான் மிச்சம். அதில் எது ஒட்டியிருந்தது, எது ஒட்டாமல் இருந்தது என்று இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது. எலும்பைப் பாதுகாக்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை. 2020-இல் பெரம்பலூரில் டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது நினைவிருக்கலாம். அவை அம்மோனைட் சிப்பியைச் சுற்றி உருண்ட கல் என்று நிபுணர்கள் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

கூடலூர் மாட்டுவைத்தியர்:

தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், சோலைக்குருவி சரியா என்று சொல்லட்டும். ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற வெள்ளைக்காரர் 1828-இல் எடுத்த எலும்புகளை வைத்துத்தான் 1877-இல் டைட்டனோசரஸ் என்று பெயர் வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவை வால் எலும்புகள். இந்தத் திரியில் சொன்ன கணக்குப்படி வாலை வைத்து முற்றலா இளசா என்று சொல்ல வழியே இல்லையா?

சோலைக்குருவி:

நல்ல கேள்வி சார். டைனோசர்களில் வரிசை முதலையைப் போல நிச்சயமாக இல்லாததால் ‘வழியே இல்லை’ என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வால் கணுவில் கோடு மூடியிருக்கிறது, ஆகவே முழு வளர்ச்சி என்று யாராவது எழுதினால் நான் அடிக்கோடு போட்டுக் கேள்விக்குறி வைப்பேன். தனிக் கணு என்றால் முதலில் அது முதுகில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியதும் ஒட்டாததும் ஒன்றும் சொல்லாது.

பாம்புக்கும் இதே தொல்லை. கட்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்து 2024-இல் பெயர் வைத்த வாசுகி பாம்புக்கு இருப்பது 27 கணுக்கள் மட்டும், 11 முதல் 15 மீட்டர் நீளம் இருக்கலாம் என்கிறார்கள். முழுக்க வளர்ந்த விலங்கு என்று கருதுகிறார்கள். பாம்பு பல்லிக் கூட்டம், கூரையும் கட்டையும் சீக்கிரமே ஒட்டிவிடும், அதனால் அங்கே கணுவின் தடிமனும் மூட்டுகளின் வடிவமும்தான் பேசும்.

மணி அண்ணாவின் மாமியாரையும் முழுக்க வாபஸ் வாங்க வேண்டாம். கணுவும் கணுவும் ஒட்டுவதும் டைனோசர்களில் உண்டு. இடுப்புப் பக்கம் பல கணுக்கள் சேர்ந்து ஒரே கட்டையாவது இயல்பு, கோழிக்கும் அப்படித்தான், குழம்பில் முதுகுப் பக்கத்தைப் பிரிக்க முடியாமல் கடித்திருப்பீர்கள். வாலில் இரண்டு கணு மட்டும் மேலே எலும்பு வழிந்து ஒட்டியிருந்தால், அது வியாதியோ பழைய அடியோ. புதைபடிவத்தில் இந்த மூன்றையும் (கூரையும் கட்டையும் ஒட்டுவது, இடுப்புக் கணுக்கள் இயல்பாகச் சேர்வது, வியாதியால் ஒட்டுவது) பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கோடநாட்டுப்பனி:

மகள் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினாள், இடையிடையே என்னைப் பார்த்து ‘நான் சொன்னேன்ல’ வேறு. மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஒரே முதலைன்னா ஏன் ரெண்டாளுக்கு வேண்டிய எலும்பு இருக்கு’ என்கிறார். எலும்பின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறாரா தெரியவில்லை.

ஒரு கெட்ட செய்தி. நேற்று மேலே மின்நிலையத்திலிருந்து தண்ணீர் வந்து ஆறு ஏறிவிட்டதாம். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்ட நாலைந்து எலும்பு தவிர எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருப்பது வாலா கழுத்தா என்று மச்சானுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு முள்ளோடு முழுசாக இருக்கிறதாம், ஒன்று கூரை மட்டும்.

சோலைக்குருவி:

ஐயோ. சரி, இருப்பதாவது பரவாயில்லை. கூரை மட்டும் கிடப்பது பெரும்பாலும் கழுத்து அல்லது முன்முதுகு. மச்சானிடம் சொல்லுங்கள் அண்ணா, தொட வேண்டாம், ஆனால் அந்தக் கூரையை நேர் பக்கவாட்டிலிருந்து ஒன்று, ஒட்டும் முகம் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டு படம் போதும். பக்கத்தில் அதே 8ஆம் நம்பர் செருப்பை வைக்கட்டும்.

கோடநாட்டுப்பனி:

செருப்பு என்னோடு கோத்தகிரிக்கு வந்துவிட்டது. மச்சானுடையது 10ஆம் நம்பர். அளந்து சொல்லச் சொல்கிறேன்.